மூலிகைச் சாறும் இரைப்பைப் புற்றின் பரவலும்

மஞ்சளில் அடங்கிய பதார்த்தம் ஒன்று புற்றணுக்களை ஒடுக்கியதாகவும், இஞ்சிச் சாறு அவற்றின் நடமாட்டத்தைத் தடுத்ததாகவும், சீன வைத்தியத்தில் வழங்கும் வேர் ஒன்றின் கஷாயம் இரைப்பைப் புற்றின் பரவலை நிறுத்தியதாகவும் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. அதைப் படித்த வீட்டில் மறுநாள் காலை பாலில் மஞ்சள் சற்றுக் கூடுதலாகவே விழுகிறது. இச்செய்திகளைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. அவற்றுக்கு ஆதாரமான ஆராய்ச்சிகள் பெரும்பாலும் மெய்யாகவே நடந்தவை, நடத்தியவர்களும் யோக்கியமான விஞ்ஞானிகளே. ஆயினும், இரைப்பையில் தோன்றிய புற்று கல்லீரல்வரை சென்றுவிட்ட நோயாளி ஒருவர், சென்னையிலோ டோக்கியோவிலோ லண்டனிலோ, எந்தப் பெரிய மருத்துவமனையின் படியேறினாலும், அங்கே அவருக்கு மஞ்சளையோ இஞ்சியையோ எழுதித் தருவாரில்லை. ஆய்வுகூடத்துத் தட்டில் ஜயித்த பொருள் நோயாளியின் கட்டிலருகே ஏன் காணப்படுவதில்லை என்ற கேள்விக்கு, மருத்துவர்களின் பிடிவாதம் என்றும் மருந்து வியாபாரிகளின் சூழ்ச்சி என்றும் சுலபமான விடைகள் ஊரில் உலவுகின்றன. அவற்றைக் காட்டிலும் சுவாரசியமானதொரு விடை, புற்று எவ்வாறு பரவுகிறது என்பதை விசாரித்தால் கிடைக்கிறது.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 9,68,000 பேருக்கு இரைப்பைப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அந்நோயால் மாண்டவர்கள் சுமார் 6,60,000 பேர். ஜப்பான், கொரியா, மங்கோலியா, சீனா ஆகிய கிழக்காசிய நாடுகளில் இது மிகுதி. நம் நாட்டில் மிசோரமே இதில் முதல் ஸ்தானம் வகிப்பது; சென்னையிலும் ஆண்களை வருத்தும் முக்கியமான புற்றுகளுள் இது ஒன்று. புற்று இரைப்பையின் சுவரோடு நிற்கையில் கண்டுபிடிக்கப்பட்டால், அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து உயிர் வாழ்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டுபிடிக்கப்பட்டாலோ அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே இந்நோயில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் மூலக்கட்டியைவிட அதன் பரவலே. மருத்துவர்கள் மெட்டாஸ்டாஸிஸ் என்று வழங்கும் இதனைப் புற்றுப்பரவல் என்றே இங்கே சொல்லிச் செல்வோம்.

இப்பரவலைப் பற்றி இன்றும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டும் சித்தாந்தத்தை 1889-இல் வெளியிட்டவர் லண்டன் அறுவை மருத்துவரான ஸ்டீபன் பாஜெட். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஒருங்கே வைத்து ஆராய்ந்த அவர், ரத்தம் எல்லா உறுப்புகளுக்கும் ஓடுகின்றபோதிலும் புற்று சில உறுப்புகளையே திரும்பத் திரும்பத் தேடிச் செல்வதைக் கண்டு, புற்றணுவை விதையாகவும் உறுப்பை நிலமாகவும் பாவித்து எழுதினார். கோடையில் எருக்கங்காய் வெடித்து, பஞ்சோடு விதைகள் காற்றில் மிதந்து போவதைப் பார்த்தவர்களுக்கு இக்கருத்து உடனே விளங்கும். காய் வெடிக்க வேண்டும், விதை காம்பை விட்டு விடுபட வேண்டும், காற்றில் உலர்ந்து சாகாதிருக்க வேண்டும், தனக்கு ஏற்ற மண்ணில் விழ வேண்டும், அங்கே வேரூன்றவும் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் செடியில்லை. 1970-இல் அமெரிக்காவில் ஐசையா ஃபிட்லர் என்பவர், கதிரியக்க அயோடினால் அடையாளமிட்ட புற்றணுக்களைச் சுண்டெலிகளின் ரத்தத்தில் செலுத்திக் கணக்கெடுத்தபோது, ஒரு நாள் கழித்து உயிரோடு எஞ்சியவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவே என்று கண்டார். அவற்றிலும் ஒரு சிறு பகுதியே புதுக் கட்டியாக வளர்ந்தது. பரவல் என்பது இத்தனை கஷ்டமான காரியமாயின், அதன் ஏதேனும் ஒரு படியில் இடையூறு செய்தாலே போதுமன்றோ என்ற நம்பிக்கைதான் மூலிகைச் சாறுகளைத் தேடுகிறவர்களை இயக்குகிறது. அந்நம்பிக்கையில் நியாயமும் இருக்கிறது.

இரைப்பையில் அப்படிகள் எவை என்று பார்ப்போம். இரைப்பையின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதற்கு ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் வேண்டும். ஒட்டுப் புரதம் என்று அதைச் சொல்லலாம். இதன் முக்கியத்துவம் நமக்குப் பிரத்தியட்சமாகத் தெரியவந்தது நியூசிலாந்தில். அங்கே மாவோரி இனத்தைச் சேர்ந்த ஒரு பெருங்குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக, இளவயதினர் உட்படப் பலர் இரைப்பைப் புற்றால் இறந்துகொண்டிருந்தனர். அக்குடும்பத்தாரின் ஒத்துழைப்போடு பாரி கில்ஃபோர்டும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆராய்ச்சியின் விளைவாக, ஒட்டுப் புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறையே அதற்குக் காரணம் என்பது 1998-இல் வெளியாயிற்று. பற்றுதல் தளர்ந்த உயிரணு தனித்து நகரும் குணத்தைப் பெறுகிறது. நகர்ந்த அது முதலில் சந்திப்பது, அடிச்சவ்வு என்ற மெல்லிய புரதப் படலத்தை. அதைக் கரைத்து வழி செய்துகொள்ள, உலோகப் புரதச் சிதைப்பிகள் எனத்தக்க நொதிகளைப் புற்றணு பயன்படுத்துகிறது. துத்தநாகத்தின் துணையின்றி அவை வேலை செய்யா என்பதால் இப்பெயர் பொருந்தும். இவ்வகையில் முதலாவது நொதி 1962-இல் கண்டுபிடிக்கப்பட்டது, தவளையாக மாறும் தலைப்பிரட்டையின் வால் எங்ஙனம் கரைந்து மறைகிறது என்ற கேள்வியை ஜெரோம் கிராஸ், ஷார்ல் லாபியேர் என்ற இருவர் ஆராய்ந்தபோது! பயனற்ற கேள்வி என்று எவரேனும் அன்று சிரித்திருக்கக்கூடும். அந்த வால்தான் பின்னாளில் புற்றுநோய் விடுதிவரை நீண்டது.

சவ்வைக் கடந்த புற்றணுக்கள் நிணநீர் நாளங்கள் வழியாக அருகிலுள்ள கணுக்களுக்குச் செல்லும். சில சமயம் இடது காறையெலும்பின் மேலுள்ள கணுவரை ஏறித் தடிப்பாக வெளித்தெரியும். ரத்தத்தின் வழியே செல்பவை கல்லீரலில் தங்கும். இரைப்பைப் புற்றில் விசேஷமாகக் காணப்படுவது மூன்றாவது வழி. சுவரை முழுதும் துளைத்து வெளிப்புறத்தை அடைந்த புற்றணுக்கள் வயிற்றறைக்குள் உதிர்ந்து, குடல்களையும் வயிற்றறையின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற வழவழப்பான சவ்வின் மேல் வேரூன்றுகின்றன. அறுவை மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது இதற்கே. நூற்றுக்கணக்கான இடங்களில் பொடிப்பொடியாக முளைத்ததை எந்தக் கத்தியால் களைவது?

இனி மூலிகைச் சாற்றைச் சோதிக்கும் முறைக்கு வருவோம். புற்றணுக்கள் தட்டின் அடியில் ஒற்றை அடுக்காகப் படர்ந்ததும், மெல்லிய முனையால் நடுவே ஒரு கீறல் இழுப்பார்கள். ஒரு தட்டில் சாற்றைச் சேர்த்து, மற்றொன்றில் சேர்க்காமல் விட்டு, ஒரு நாள் கழித்து உருப்பெருக்கியில் நோக்கினால், சாறில்லாத தட்டில் இரு கரைகளிலிருந்தும் உயிரணுக்கள் ஊர்ந்து கீறலை மூடியிருக்கும். சாறு சேர்த்த தட்டிலோ கீறல் அப்படியே திறந்திருக்கும். மற்றொரு சோதனையில், நுண்துளைகளுள்ள தடுப்பின் மேல் அடிச்சவ்வை ஒத்த கூழைப் பூசி, எத்தனை உயிரணுக்கள் அதைத் துளைத்து மறுபுறம் வந்தன என்று எண்ணுவார்கள். சிதைப்பி நொதிகளின் அளவு குறைந்ததா, ஒட்டுப் புரதம் மீண்டதா என்றும் பார்ப்பார்கள். இவை எல்லாவற்றிலும் சாறு ஜயித்தால் ஆராய்ச்சிக் கட்டுரை தயாராகிவிடும். சோதனைகளில் தவறில்லை. ஆனால் அவை எந்தக் கேள்விக்கு விடை கூறுகின்றனவோ அந்தக் கேள்வி, நோயாளியின் கேள்வியிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது.

முதலாவதாக, செத்துக்கொண்டிருக்கும் உயிரணுவும் நகராது. சாறு புற்றணுவின் நடமாட்டத்தை விசேஷமாகத் தடுத்ததா, அல்லது அதை நஞ்சூட்டிக் கிடத்தியதா என்பதைப் பிரித்தறிய, உயிரணுக்கள் சாகாத அளவுக்குச் செறிவைக் குறைத்துப் பரீட்சிக்க வேண்டும். எல்லா ஆராய்ச்சிகளிலும் இந்த எச்சரிக்கை காட்டப்படுவதில்லை. அடுத்து, சாறு என்பது ஒரு பொருளன்று. ஓர் இலையை நீரில் கொதிக்கவைத்தால் ஒரு கூட்டமும், சாராயத்தில் ஊறவைத்தால் வேறொரு கூட்டமுமாக நூற்றுக்கணக்கான ரசாயனங்கள் வெளிவருகின்றன. மண்ணும் பருவமும் மாறினால் அவற்றின் விகிதமும் மாறும். இந்த ஆண்டு வேலை செய்த சாறு அடுத்த ஆண்டு செய்யாது போனால், எது குறைந்தது என்று யாரைக் கேட்பது?

சோதிக்கப்பட்ட உயிரணு இரைப்பையைச் சேர்ந்ததுதானா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. எஸ்.ஜி.சி.-7901, பி.ஜி.சி.-823 என்னும் இரு உயிரணு வம்சங்கள், இரைப்பைப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டவை என்ற பெயரால் பல ஆண்டுகள் எண்ணற்ற ஆராய்ச்சிகளில், முக்கியமாகச் சீன மூலிகைகளைப் பற்றியவற்றில், பயன்பட்டுவந்தன. மரபணு அடையாளங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவை ஹீலா என்ற வம்சத்தால் கலப்படமடைந்தவை என்பது புலனாயிற்று. ஹீலா 1951-இல் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து பெறப்பட்டது. மிகவும் வீரியத்தோடு வளர்வதால், கவனக்குறைவு சிறிதிருந்தாலும் பக்கத்துத் தட்டில் புகுந்து அங்குள்ளவற்றை அழித்துத் தானே நிறைந்துவிடும். ஆகவே இரைப்பைப் புற்றைத் தடுத்ததாகக் கூறப்பட்ட எத்தனையோ சாறுகள், உண்மையில் இரைப்பைப் புற்றைச் சந்தித்ததே இல்லை.

இவற்றையெல்லாம் கடந்தாலும் அளவு என்ற பெரிய தடை நிற்கிறது. இதற்கு மஞ்சளே தக்க உதாரணம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினைத் தட்டில் நேராக ஊற்றலாம். வாயால் உண்ட குர்குமினோ குடற்சுவரிலும் கல்லீரலிலும் உடனுக்குடன் உருமாற்றப்பட்டு, ரத்தத்தை எட்டுவது அற்பமே. 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் ஆரோக்கியமான தொண்டர்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் அது அநேகமாகத் தென்படவே இல்லை. மிளகின் காரச்சத்தான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது இருபது மடங்கு உயர்ந்தது. மிளகையும் மஞ்சளையும் சேர்த்துச் சமைக்கும் நம்மவர்க்கு இது பெருமிதம் தரும் செய்தியே. ஆனால் அற்பத்தின் இருபது மடங்கும் அற்பமே; தட்டில் வழக்கமாக ஊற்றப்படும் செறிவில் அது ஒரு சிறு பின்னந்தான். மேலும், குர்குமின் தானே நிறமும் ஒளிர்வும் உடையதாதலால், நிறமாற்றத்தையும் ஒளிர்வையும் அளந்து முடிவு கூறும் பல சோதனைகளில் பொய்யான வெற்றியைக் காட்டிவிடும். 2017-இல் மருந்து ரசாயன நிபுணர் சிலர் வெளியிட்ட விரிவான மதிப்புரை, அதுவரை மனிதரிடம் நூற்றுக்கு மேற்பட்ட பரீட்சைகள் நடந்திருந்தும், மருத்துவரும் நோயாளியும் அறியாவண்ணம் போலி மருந்தோடு ஒப்பிட்ட பரீட்சை எதிலும் குர்குமின் ஜயிக்கவில்லை என்று தீர்மானித்தது. இரைப்பைக்கு இந்த ஆட்சேபம் பொருந்தாது, விழுங்கிய பொருள் நேரே அங்குதானே செல்கிறது என்று வாசகர் சிலர் கருதலாம். தோற்றுவாயைப் பொறுத்தமட்டில் அது நியாயமான வாதந்தான். பரவிய புற்றணுக்களோ இரைப்பைக்கு வெளியே, விழுங்கிய உணவு ஒருபோதும் தொடாத இடங்களில் வாழ்கின்றன.

இவ்வளவு குறைகளும் இல்லாத ஒரு மருந்து, ஒற்றை ரசாயனமாய், அளவு தெரிந்ததாய், ரத்தத்தை எட்டுவதாய், உலோகப் புரதச் சிதைப்பிகளை அடக்குவதற்கென்றே வகுக்கப்பட்டதாய்க் கிடைத்தால் பரவல் நிற்குமா? அதையும் செய்து பார்த்தாயிற்று. மாரிமாஸ்டாட் என்ற அம்மருந்தை, முற்றிய இரைப்பைப் புற்றுடைய 369 பேரிடம் பரீட்சித்து 2002-இல் முடிவை வெளியிட்டனர். போலி மருந்து பெற்றவர்களின் நடுத்தர ஆயுட்காலம் 138 நாட்கள். மாரிமாஸ்டாட் பெற்றவர்களுக்கு 160 நாட்கள். தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத வித்தியாசம் முதல் கணக்கில் கிட்டவில்லை. பிறகு கணக்கிட்டதில் சற்று நம்பிக்கை தெரிந்தது. மூட்டுவலியால் பலர் மருந்தைப் பாதியில் நிறுத்தவும் நேர்ந்தது. காரணத்தை இப்போது ஊகிக்க முடிகிறது. நோயாளி மருத்துவரிடம் வரும்போதே புற்றணுக்கள் அடிச்சவ்வைக் கடந்து, பறந்து, பல இடங்களில் முளைத்தும்விட்டன. முளைத்த பின் காயை வெடிக்காமல் காப்பதால் என்ன பயன்? கீறல் சோதனையில் ஜயிக்கும் சாறுகள் அளிக்கக்கூடிய உதவியும் பெரும்பாலும் இவ்வகையதே. இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது: தாவரத்தின் வீரியக் குறைவைவிட, நாம் அதனிடம் கேட்கும் உதவி காலம் கடந்ததாயிருப்பதே பெரிய தடை.

அப்படியாயின் தாவரங்கள் இந்நோயில் பயனற்றவையா என்றால், அதுவும் இல்லை. பரவிய இரைப்பைப் புற்றுக்கு இன்று உலகெங்கும் அளிக்கப்படும் மருந்துகளில் மூன்று தாவரங்களிலிருந்து வந்தவை. 1962-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காடொன்றில் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் சேகரித்த யூ மரத்தின் பட்டையிலிருந்து, மன்ரோ வால் என்பவரும் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணி என்பவரும் பாக்லிடாக்ஸெல் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். 12 கிலோ சரக்கில் அவர்களுக்குக் கிடைத்தது அரை கிராம். உயிரணு இரண்டாகப் பிரியும்போது இயங்க வேண்டிய நுண்குழாய்களை அது அசையாமல் இறுக்கிவிடுகிறது என்பதை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து பிரான்ஸில் உருவான டோசிடாக்ஸெல் 2006-இல் இரைப்பைப் புற்றுக்கென அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மூன்றாவதான இரினோடிகான், காம்ப்டோதெசின் என்ற பொருளின் வழித்தோன்றல். 1966-இல் சீன மரமொன்றிலிருந்து வால், வாணி குழுவினரே கண்டெடுத்த அக்காம்ப்டோதெசின், நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் துர்நாற்றமுடைய ஒரு சிறுமரத்திலும் தாராளமாக இருப்பதை 1972-இல் வெளியிட்ட இருவருள் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராயிருந்து பின் பம்பாய் சென்ற ரசாயனப் பேரறிஞர் டி. ஆர். கோவிந்தாச்சாரி.

இம்மூன்றும் புற்றணுவின் நடையைத் தடுப்பதால் மருந்தாகவில்லை. எங்கே முளைத்திருந்தாலும் அதன் பெருக்கத்தைத் தடுப்பதால் ஆயின. மூன்றும் கொடிய நஞ்சுகளிலிருந்து பிரித்து, நிறுத்து, ரத்தக்குழாயின் வழியே ஏற்றப்படுபவை. யூ இலையைக் கஷாயமிட்டுக் குடித்தவர் பிழைப்பது அரிது. நஞ்சின் அளவை அறிந்து கையாளும் வித்தைதான் அவற்றை மருந்தாக்கிற்று. வயிற்றறைச் சவ்வில் முளைத்த புற்றை நேரே தாக்கலாம் என்று கருதி ஜப்பானியர் பாக்லிடாக்ஸெலை வயிற்றறைக்குள்ளேயே செலுத்திப் பரீட்சித்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி நடுத்தர ஆயுட்காலம் 17.7 மாதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 15.2 மாதம். இந்த வித்தியாசமும் நிரூபணம் என்ற எல்லையைச் சற்றே எட்டாமல் நின்றது. நல்ல யோசனை, நிச்சயமான மருந்து, திறமையான கைகள் மூன்றும் சேர்ந்தும் இவ்வளவே கிட்டுமாயின், கீறல் மூடாமல் நின்ற தட்டைப் பார்த்து நாம் எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

சாதாரணச் சமையற்பொருள் ஒன்றை மனிதரிடமே நீண்ட காலம் பரீட்சித்த வரலாறும் ஒன்று உண்டு. சீனாவின் ஷான்டுங் மாகாணத்தில் இரைப்பைப் புற்று மிகுந்த லின்சு வட்டாரத்தின் 13 கிராமங்களில், 3,365 பேரைச் சேர்த்து 1995-இல் அப்பரீட்சை தொடங்கிற்று. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் குடிகொண்டு நெடுங்காலம் அழற்சி உண்டாக்குவதே இப்புற்றின் தலையாய காரணம். இக்கிருமியை ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் வளர்த்துக் காட்டி, அக்கண்டுபிடிப்புக்காக 2005-இல் நோபெல் பரிசு பெற்றார்கள். கிராமத்தவருள் ஒரு பகுதியினருக்கு அக்கிருமியை ஒழிக்க இரண்டே வாரம் மாத்திரையும், ஒரு பகுதியினருக்கு ஏழாண்டுக்கு மேல் பூண்டுச் சாறும், ஒரு பகுதியினருக்கு உயிர்ச்சத்துகளும் தந்து, எஞ்சியோருக்குப் போலி மாத்திரைகளைத் தந்தார்கள். 22 ஆண்டுகளுக்குப் பின் எண்ணிப் பார்த்தபோது, பூண்டு உண்டவர்களிடையே இரைப்பைப் புற்றால் நேர்ந்த சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது; ஆயினும் நோய் தோன்றுவதே குறைந்ததென்று நிச்சயமாகக் கூற முடியவில்லை. கிருமியை ஒழித்த இரண்டு வார மாத்திரையோ, நோய் தோன்றும் வாய்ப்பைப் பாதியளவுக்குக் குறைத்தது, சாவையும் குறைத்தது. பூண்டை நான் இகழவில்லை. அதற்கு இவ்வளவு கௌரவமான சாட்சியம் கிடைத்தது, இருபதாண்டு பொறுமையோடு மனிதரையே எண்ணியதால்தான்.

சாற்றால் நன்மை வராவிட்டாலும் தீமை வராது என்ற எண்ணம் மட்டும் நிச்சயமாகத் தவறு. பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் உயர்த்தவல்லது. மனச்சோர்வுக்கு ஐரோப்பியர் உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இதற்கு நேர்மாறானது. இரினோடிகான் பெற்றுவந்த நோயாளிகளுக்கு அதை உடன் கொடுத்துப் பார்த்த ராட்டர்டாம் மருத்துவர்கள், மருந்தின் செயல்வடிவம் ரத்தத்தில் 42 சதவீதம் குறைந்துபோனதை 2002-இல் எழுதினார்கள். ஒரு தாவரத்தின் மருந்தை மற்றொரு தாவரம் கல்லீரலில் அழித்துவிட்டது. நம் ஊரில் வழங்கும் ஆடுதின்னாப்பாளையின் இனத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, புற்றையே உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தீர்மானித்திருக்கிறது.

ஆதலால், நாட்பட்ட வயிற்றுவலியோ, காரணமின்றி உடல் மெலிவதோ, மலம் கறுத்துப்போவதோ உள்ளவர்கள் வீட்டுக் கஷாயத்தில் காலங்கழிக்காமல், ஹெலிகோபாக்டர் சோதனையும் தேவைப்பட்டால் இரைப்பை அகநோக்கிப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவருபவர்கள், தாம் உண்ணும் சூரணம், லேகியம், மஞ்சள் மாத்திரை எதுவாயினும் அதன் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை செல்லும்போது சங்கோசமின்றி மருத்துவர் கையில் கொடுக்க வேண்டும்.